'க்ளோஸர்' பாட்டின் டிரம் சுட்டதா? சுட்டதென்றால் ஏன் இத்தனை கொண்டாட்டம்?

நைன் இஞ்ச் நெயில்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் 'க்ளோஸர்' பாட்டைப் பற்றி நீங்கள் கேட்டது இது: டிரம் சத்தம் ராக் பாடகர் இக்கி பாப்பின் பழைய பாட்டிலிருந்து சுட்டது, பல்லவியில் இருப்பதோ கெட்ட வார்த்தை, அப்படியிருக்க 30 வருடம் கழித்தும் இதை ஏன் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்? இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அடுத்தவர் ஒலியை எடுத்துச் செய்ததைச் சொந்த வேலை என்று சொல்லலாமா என்பது ஒன்று. அதிர்ச்சியைக் கழித்துவிட்டால் பாட்டில் மிச்சம் ஏதாவது உண்டா என்பது இன்னொன்று. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அது தெரிந்தால்தான் முதலாவதற்குப் பதில் பிடிபடும். நான் ஸ்டுடியோவில் மிக்ஸிங் செய்து, அதாவது பதிவான ஒலிகளைக் கலந்து சரிசெய்து, பிழைப்பவன். அதனால் வரிகளைவிட ஒலியைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன்.

அடிப்படைத் தகவல்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நைன் இஞ்ச் நெயில்ஸ் மேடையில் ஒரு குழு. ஸ்டுடியோவில் அந்தக் காலத்தில் அது பெரும்பாலும் ஒரே ஆள், டிரென்ட் ரெஸ்னர். பென்சில்வேனியாவின் மெர்சர் என்ற சின்ன ஊர்க்காரர். க்ளீவ்லாந்தில் ஒரு ஸ்டுடியோவில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே, யாரும் இல்லாத இரவு நேரங்களில் தன் பாட்டுகளைப் பதிவு செய்தவர். முதல் ஆல்பம் 1989இல் வந்தது. இரண்டாவது முழு ஆல்பமான 'தி டவுன்வர்ட் ஸ்பைரல்' 1994 மார்ச் 8 அன்று வெளியாகி அமெரிக்க ஆல்பம் பட்டியலில் இரண்டாம் இடத்தில் நுழைந்தது. அதே நாளில் வந்த சவுண்ட்கார்டன் குழுவின் 'சூப்பர்அன்நோன்' முதலிடத்தைப் பிடித்துக்கொண்டது. 'க்ளோஸர்' அந்த மே மாதம் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டாக, வந்தது. ரெஸ்னரோடு சேர்ந்து தயாரித்தவர் ஃப்ளட் என்ற பெயரில் அறியப்படும் இங்கிலாந்துக்காரர், டெபேஷ் மோட் குழுவின் 'வயலேட்டர்' ஆல்பத்தில் வேலை செய்தவர்.

எங்கே பதிவு செய்தார்கள் என்ற கதையை நீங்கள் கட்டாயம் கேள்விப்பட்டிருப்பீர்கள். லாஸ் ஏஞ்சலஸில் 10050 சீலோ டிரைவ், 1969இல் சார்ல்ஸ் மேன்சன் கும்பல் நடிகை ஷாரன் டேட் உட்பட ஐந்து பேரைக் கொன்ற வீடு. ரெஸ்னர் அதை 1992இல் வாடகைக்கு எடுத்து உள்ளே ஸ்டுடியோ அமைத்தார். பிற்பாடு ஷாரன் டேட்டின் தங்கையைச் சந்தித்தபோது, 'என் அக்காவின் சாவை வைத்து விளம்பரம் தேடுகிறீர்களா' என்கிற மாதிரி அவர் கேட்டதாகவும், அது தன்னை உலுக்கிவிட்டதாகவும் ரெஸ்னரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். வீடு 1994இல் இடிக்கப்பட்டது. என் கருத்தைக் கேட்டால், இந்தப் பாட்டைப் பற்றிய கட்டுரைகளில் பாதி இடத்தை அந்த வீடு தின்றுவிடுகிறது. ரத்தக்கறைக் கதைக்கும் கிக் டிரம்முக்கும் (கனமாகக் குத்தும் அடி டிரம்) ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த வீடு உண்மையில் கொடுத்தது நேரம். மணிக்கணக்கில் வாடகை ஓடாத, யாரும் கதவைத் தட்டாத இடத்தில் ஒரு சத்தத்தை வாரக்கணக்கில் கசக்கிக்கொண்டிருக்கலாம். ஸ்டுடியோ வாடகைக் கணக்குப் பார்த்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும்.

இப்போது அந்த டிரம் குத்துக்கு வருவோம். உறுதியாகச் சொல்லக்கூடியது: பாட்டின் கிக் டிரம், இக்கி பாப்பின் 'நைட்கிளப்பிங்' பாட்டிலிருந்து எடுத்த சாம்பிள், அதாவது வெட்டியெடுத்த ஒலித் துண்டு, வெகுவாக மாற்றப்பட்டது. 'நைட்கிளப்பிங்' 1977இல் வந்த 'தி இடியட்' ஆல்பத்தில் இருக்கிறது, தயாரித்தவர் ஆங்கிலேயப் பாடகர் டேவிட் போவி. அதிலும் டிரம் வாசித்தது ஆளில்லை, இயந்திரம்தான். தற்காலிகமாக ஒரு டிரம் மெஷினை ஓடவிட்டுப் பாட்டைப் போட்டபோது, போவி இதற்கு அப்புறம் நிஜ டிரம் வைத்துக்கொள்ளலாம் என்றாராம். இதுவே நன்றாக இருக்கிறது, விடுங்கள் என்று இக்கி பாப் பிடிவாதம் பிடித்தாராம். இது இக்கி பாப் பின்னாளில் சொன்ன கதை. ஸ்டுடியோக் கதைகள் சொல்லச் சொல்ல மெருகேறும் என்பதால் நான் அதைக் கதையாகவே வைத்துக்கொள்கிறேன். ஆனால் பாட்டைக் கேட்டால் நம்பத் தோன்றும். சோம்பலாக, மலிவாக, தள்ளாடிக்கொண்டே நடக்கும் ஒரு தாளம் அது. அதை யாரும் திட்டம் போட்டு உருவாக்கியிருக்க முடியாது.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். 'நைட்கிளப்பிங்'கில் அந்தக் குத்து ஒரு மங்கலான தட்டு, பின்னணியில் கிடக்கும். 'க்ளோஸரில்' அது பாட்டின் முதல் நொடியிலேயே உங்கள் நெஞ்சுக்கு நேராக நிற்கிறது. அதோடு வேறெதுவும் இல்லை. குத்தின் முனை கூர்மையாக இருக்கிறது, அடிவயிறு கனமாக இருக்கிறது, முடியும்போது மூச்சு விடுவதுபோல ஒரு சீறல் இழுபடுகிறது. அந்தச் சீறல்தான் முக்கியம். வழக்கமாக நாங்கள் சாம்பிள் எடுத்தால் வாலில் ஒட்டியிருக்கும் இரைச்சலை வெட்டி எறிவோம். இங்கே அதை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒலியைச் சிதைக்கும் டிஸ்டார்ஷன் ஏற்றும்போது மெல்லிய இரைச்சலும் சேர்ந்து மேலே வரும். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கம்ப்ரஷன் போட்டால் குத்து அமுங்கி வால் இன்னும் நீளும். அப்படித்தான் ஒரு மலிவான டிரம் மெஷினின் தட்டு, ஏதோ நீராவி இயந்திரத்தின் உந்துதண்டு போல மாறுகிறது. எந்தக் கருவியை எந்த வரிசையில் போட்டார்கள் என்று காதை வைத்தே அடித்துச் சொல்வது ஜோசியம், அதை நான் செய்ய மாட்டேன். அந்த ஆல்பம் முழுக்கவே சாம்பிள்களை வாசிக்கும் சாம்ப்ளரும் ஆப்பிள் மேக்கில் ஓடிய ஆரம்பகால ஒலி மென்பொருள்களும் அதிகம் புழங்கின. கிடாரைக்கூட நேராக டிஜிட்டல் எஃபெக்ட் பெட்டிக்குள் விட்டு, ஆம்ப் (கிடார் ஒலிபெருக்கி) வாசனையே இல்லாமல் பதிவு செய்த இடங்கள் உண்டு. 'சத்தம் நன்றாக வரணும்' என்று எல்லோரும் பாடுபட்ட காலத்தில், இவர்கள் அதைத் திட்டமிட்டுக் கெடுத்தார்கள். கெடுப்பதிலும் அளவு உண்டு. கொஞ்சம் கூடினால் பாட்டு முழுவதும் ஒரே மண்ணாகிவிடும்.

அடுத்து அடுக்குகள். வேகம் நிமிடத்துக்குச் சுமார் 90 அடி, நிதானமானது. ஆடலாம், ஆனால் துள்ள முடியாது. கிக்கும், இரைச்சல் போன்ற ஸ்னேரும் (கூர்மையாகத் தட்டும் சின்ன டிரம்) மாறி மாறி வர, அதன்மேல் மின்கருவியில் வாசித்த சிந்த் பேஸ் ஏறுகிறது. அப்புறம் குரல், ஏறக்குறைய முணுமுணுப்பு, எதிரொலி அதிகமில்லாமல் காதுக்குப் பக்கத்தில். பல்லவி வரும்போது குரல் பெருகிப் பல குரல்களாகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றிரண்டு புதிய ஒலிகள் உள்ளே நுழைகின்றன, வந்தது எதுவும் போவதாகத் தெரியவில்லை. இதில் ஆட வைக்கும் தாளமே உயிரான ஃபங்க் இசையின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. இயந்திர இரைச்சலை இசையாக்கும் இன்டஸ்ட்ரியல் வகை என்று பெயர் சூட்டியதால் பலர் இதைக் கவனிப்பதில்லை. இரும்பு அடிக்கும் சத்தத்தைப் போட்டுவிட்டால் அந்த வகை இசை வந்துவிடும் என்று நினைத்துப் பின்னால் வந்த குழுக்கள் தோற்றது இந்த இடத்தில்தான். அவர்களிடம் இரும்பு இருந்தது, இடுப்பு இல்லை.

நான் இந்தப் பாட்டை மதிப்பது அதன் கடைசிப் பகுதிக்காக. ஆல்பத்தில் பாட்டின் நீளம் ஆறு நிமிடத்துக்குச் சற்று அதிகம். பாடல் வரிகள் முடிந்த பிறகும், மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, வாத்திய இசையாகவே ஓடுகிறது. கீபோர்ட் இழைகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, நெருங்கி, இனி இடமில்லை என்ற நிலைக்கு வந்ததும் எல்லாம் அறுந்துவிழ, சிதைந்த பியானோவில் கீழிறங்கும் ஒரு சின்ன இசைத்தொடர் மட்டும் மிஞ்சுகிறது. அதே தொடர் ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய பாட்டில், முடிவுக்குப் பக்கத்தில் திரும்ப வரும். ஆக, கிளப்பில் ஆடுவதற்கென்று எல்லோரும் எடுத்துக்கொண்ட பாட்டுக்குள், ஆல்பம் சொல்லும் வீழ்ச்சிக் கதையின் நாயகன் எங்கே போய் விழப்போகிறான் என்பது முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கிறது. வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் நாலரை நிமிடத்துக்குச் சுருக்கியபோது வெட்டுப்பட்டது பெரும்பாலும் இந்தப் பகுதிதான். கெட்ட வார்த்தையை ஊமையாக்கியதைவிட இதுதான் பெரிய தணிக்கை என்பேன்.

வரிகளுக்கு வருகிறேன். ஆபாசம் என்று நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன், வார்த்தைகள் அப்படித்தான். ஆனால் பாட்டில் ஆசையைவிட அருவருப்புதான் அதிகம், அதுவும் தன்மேல். தன்னைச் சகிக்க முடியாத ஒருவன், இன்னொரு உடலைப் பிடித்துக்கொண்டு தன்னிடமிருந்து தப்பப் பார்க்கிறான். இது காமக் களியாட்டப் பாட்டாக விருந்துகளில் ஓடியதைப் பற்றி ரெஸ்னரே சலித்துக்கொண்டிருக்கிறார். அதற்கு அவர் பங்கும் உண்டு என்று நான் நினைக்கிறேன். இவ்வளவு ஆடத் தூண்டும் தாளத்தை அடியில் வைத்துவிட்டு, யாரும் ஆடக்கூடாது என்றால் எப்படி?

சிங்கிளாக இது எவ்வளவு பெரிய வெற்றி என்பதில் நிறையப் பேர் மிகைப்படுத்துகிறார்கள். அமெரிக்காவின் ஹாட் 100 பட்டியலில் 41ஆம் இடம், பிரிட்டனில் 25. அவ்வளவுதான். முதல் நாற்பதுக்குள்கூட அமெரிக்காவில் நுழையவில்லை. 'இன்டஸ்ட்ரியல் இசையை ஆரம்பித்துவைத்த பாட்டு' என்று எழுதுவதும் தவறு. அந்தப் பெயரே லண்டனில் த்ராபிங் க்ரிஸ்டில் குழு 1976இல் தொடங்கிய இன்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்திலிருந்து வந்தது. பெர்லினில் ஐன்ஸ்டுயுர்ட்செண்டே நொய்பாவ்டன் குழு 1980 முதலே இரும்புத் துண்டுகளையும் துளைப்பான்களையும் மேடையில் வாசித்துக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் மினிஸ்ட்ரி குழு ஏற்கெனவே கிடாரையும் இயந்திரத் தாளத்தையும் முட்டவிட்டிருந்தது. ரெஸ்னர் இவர்களிடமிருந்து கற்றவர். அவர் கூடுதலாகச் செய்தது, அந்த இரைச்சலை வைத்து ஒழுங்கான பல்லவி சரணத்தோடு பாட்டுக் கட்டியது.

பாட்டு பரவியதற்கு வீடியோ பெரிய காரணம். இயக்கியவர் மார்க் ரோமனெக். பழைய, கீறல் விழுந்த படச்சுருள் போலத் தெரியும் காட்சிகள், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆய்வுக்கூடம் போன்ற இடம், ஒரு பலகையில் கட்டிய இதயம் அந்தக் கிக்குக்குச் சரியாகத் துடிப்பது, சிலுவையில் கட்டிய குரங்கு, சுழலும் பன்றித் தலை. புகைப்படக் கலைஞர்கள் ஜோயல்-பீட்டர் விட்கின், மேன் ரே, பொம்மை அசைவூட்டப் படங்கள் செய்த க்வே சகோதரர்கள் ஆகியோரின் சாயல் வெளிப்படையாகத் தெரியும். எம்டிவி சில காட்சிகளை ஏற்கவில்லை, அந்த இடங்களில் 'காட்சி இல்லை' என்ற அட்டையைப் போட்டு ஒளிபரப்பினார்கள். அது வேடிக்கையாக வீடியோவின் பழைய படத் தோற்றத்துக்கே பொருந்திப்போனது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் இந்த வீடியோவைத் தன் நிரந்தரத் தொகுப்பில் வைத்திருக்கிறது. இதே ரோமனெக்தான் பின்னாளில், ரெஸ்னரின் 'ஹர்ட்' பாட்டை 2002இல் கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் பாடியபோது அதன் வீடியோவையும் எடுத்தார். 'ஹர்ட்' இருப்பதும் இதே ஆல்பத்தில்தான், கடைசிப் பாட்டு.

ஆனால் இந்தப் பாட்டு விட்டுச்சென்றதில் என்னைப் போன்றவர்களுக்கு முக்கியமானது வேறொரு வழியில் வந்தது. சிங்கிளோடு சில ரீமிக்ஸ்களும், அதாவது பாட்டை மாற்றியமைத்த வடிவங்களும், வந்தன. அதில் ஒன்றைச் செய்தது கோயில் (Coil) என்ற ஆங்கிலேயக் குழு. அதிலிருந்த பீட்டர் கிறிஸ்டோஃபர்சன், நான் முன்பு சொன்ன த்ராபிங் க்ரிஸ்டிலின் உறுப்பினர். பேரப்பிள்ளை தாத்தா கைக்கே போய்ச் சேர்ந்த மாதிரி. அவர்கள் பாட்டின் சதையை எல்லாம் உரித்துவிட்டு, ஊர்ந்து செல்லும் ஒரு பதற்றத்தை மட்டும் மிச்சம் வைத்தார்கள். 1995இல் இயக்குநர் டேவிட் ஃபிஞ்சர் 'செவன்' படத்தின் பெயர்க் காட்சிக்கு அதை எடுத்துக்கொண்டார். அந்தக் காட்சியை வடிவமைத்தவர் கைல் கூப்பர். கீறிய எழுத்துகள், நடுங்கும் பிம்பங்கள், இசை எது இரைச்சல் எது என்று பிரிக்க முடியாத ஒலி. அதற்குப் பிறகு வந்த எத்தனையோ கொலைப் படங்களின் தொடக்கக் காட்சிகளும் முன்னோட்டங்களும் இதையே நகலெடுத்தன. நேரடி ஆதாரம் காட்டி ஒவ்வொன்றையும் நிரூபிக்க முடியாது, காதும் கண்ணும் உள்ளவர்கள் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ஃபிஞ்சர் தொடர்பு அங்கே முடியவில்லை. 2005இல் நைன் இஞ்ச் நெயில்ஸின் 'ஒன்லி' பாட்டுக்கு அவர் வீடியோ எடுத்தார். 2010இல் 'தி சோஷியல் நெட்வொர்க்' படத்துக்கு இசையமைக்க ரெஸ்னரையும் அவருடைய இசைக் கூட்டாளி அட்டிகஸ் ராஸையும் அழைத்தார். 2011 ஆஸ்கர் விழாவில் சிறந்த பின்னணி இசைக்கான பரிந்துரையில் '127 ஹவர்ஸ்' படத்துக்காக நம் ஏ.ஆர். ரகுமான் இருந்தார், நினைவிருக்கிறதா? அந்த விருதைப் பெற்றது இந்த இருவர்தான். அன்றைக்கு நம் ஊரில் பலர் 'யார்யா இவங்க' என்று கேட்டார்கள். அவர்கள் அங்கே வந்து சேர்ந்த பாதை 'க்ளோஸர்' வழியாகவும் போகிறது. 'தி சோஷியல் நெட்வொர்க்'கின் தொடக்கத்தில் தனிப் பியானோவுக்கு அடியில் உறுமும் அந்த இரைச்சலைக் கேளுங்கள். 1994இல் பாட்டின் முடிவில் செய்ததை, பதினாறு வருடம் கழித்துப் படத்துக்காக மெதுவாகச் செய்திருக்கிறார்கள்.

சரி, திருட்டா இல்லையா? சட்டப்படி பார்த்தால், அமெரிக்காவில் 1991இல் ராப் பாடகர் பிஸ் மார்க்கி வழக்கில் வந்த தீர்ப்புக்குப் பிறகு, அனுமதியில்லாமல் சாம்பிள் போடுவது பெரிய நிறுவனங்களுக்கு ஆபத்தான காரியமாகிவிட்டது. 1994இல் வந்த பெரிய ஆல்பத்தில் சாம்பிள் என்பது ஒளித்துவைக்கும் விஷயமாக இருக்கவில்லை. நான் வக்கீல் இல்லை, அதனால் அதோடு நிறுத்திக்கொள்கிறேன். தொழில்முறையாகப் பார்த்தால் என் அளவுகோல் எளிது: எடுத்ததை வைத்து, எடுத்த இடத்தில் இல்லாத ஒன்றைச் செய்தார்களா? ஒரு மெட்டை அப்படியே தூக்கிவந்து வரிகளை மட்டும் மாற்றுவதும், ஒரே ஒரு குத்தை எடுத்து அடையாளம் தெரியாமல் உருமாற்றி அதன்மேல் புதிதாக ஒரு கட்டடம் எழுப்புவதும் ஒன்றல்ல. முதலாவதை நம் ஊரில் நிறையப் பார்த்திருக்கிறோம், பெயர் சொல்லத் தேவையில்லை.

சம்பந்தப்பட்டவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்றும் பார்க்கலாம். 'நைட்கிளப்பிங்'கைத் தயாரித்த போவி, 1995இல் நைன் இஞ்ச் நெயில்ஸோடு சேர்ந்தே அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தார், ஒரே மேடையில் சில பாட்டுகளைச் சேர்ந்து பாடவும் செய்தார். 2020இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் நைன் இஞ்ச் நெயில்ஸைச் சேர்த்தபோது அவர்களை அறிமுகப்படுத்திப் பேசியவர் யார் தெரியுமா? இக்கி பாப். எல்லோரும் இன்டஸ்ட்ரியல் என்கிறார்கள், தனக்கு அதில் ஃபங்க்தான் கேட்கிறது என்ற பொருளில் பேசினார். பறிகொடுத்தவர் பேசுகிற மாதிரி இல்லை அது.

இதன் மறுபக்கமும் நடந்தது. ரெஸ்னரும் ராஸும் 2008இல் வெளியிட்ட 'கோஸ்ட்ஸ்' தொகுப்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து நெதர்லாந்து இளைஞர் ஒருவர் தாளம் கட்ட, அதை வாங்கி அமெரிக்க ராப் பாடகர் லில் நாஸ் எக்ஸ் பாடியதுதான் 'ஓல்ட் டவுன் ரோட்'. 2019இல் அது ஹாட் 100 பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் இருந்தது. ரெஸ்னருக்கும் ராஸுக்கும் அதில் பாடலாசிரியர்களாகப் பெயர் உண்டு. 'க்ளோஸர்' எட்டாத உயரத்தை, வேறொருவர் அவரிடமிருந்து எடுத்த சாம்பிள் எட்டியது.

கேட்டுப் பார்க்க நினைத்தால் ஆல்பத்தில் உள்ள முழுப் பாட்டையே கேளுங்கள், நல்ல ஹெட்ஃபோனில், மொபைல் ஸ்பீக்கரில் வேண்டாம். கிக்கின் அடிப்பகுதி அதில் வரவே வராது. முதல் தடவை கிக்கை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் தடவை, வரிகள் முடிந்த இடத்திலிருந்து ஒவ்வொரு புதிய ஒலி நுழையும்போதும் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கவனியுங்கள். அப்புறம் 'நைட்கிளப்பிங்', அதன் பிறகு கோயிலின் ரீமிக்ஸ். வீடியோவை மட்டும் வீட்டில் குழந்தைகள் தூங்கிய பிறகு போடுங்கள்.